சிவப்புக்கு இன்று என்ன விலை

பாசிர் ரிஸில் ஒருவர் நாற்பது வெள்ளிக்குக் கொடுத்தார்.
முந்நூறு சில்லு, அலுமினியப் பெட்டி, ஒரு கொக்கி உடைந்தது.
"எண் அச்சடிக்காதது, பரவாயில்லையா?"
மூன்று முறை கேட்டார்.
அதற்குத்தான் அண்ணே
செங்காங்கிலிருந்து இரண்டு தடவை ரயில் மாறி வந்தேன்.

எண் அடித்த சில்லு பிடிவாதக்காரச் சில்லு.
நூறென்றால் உடையும்வரை நூறு.
இது அப்படியில்லை.
சிவப்பு இன்று ஐம்பது காசு,
அடுத்த வாரம் நூறு,
அதற்கடுத்து நான் என்ன சொல்கிறேனோ அது.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் கணக்கு.
வெள்ளை நூற்றிருபது. சிவப்பு நூறு.
பச்சை ஐம்பது. கறுப்பு முப்பது.
ஆள் ஆறு.
போன வருடம்வரை ஒரு வெள்ளை ஒரு வெள்ளி
(நாக்கு தடுக்கும், ஆனால் கணக்கு சுலபம்).
ஏப்ரலில் குணாளனுக்கு ஆட்குறைப்புக் கடிதம்.
அவன் எங்களிடம் சொல்லவில்லை.
மதிவாணி சொன்னாள், ஈரச்சந்தையில்,
மீன் கழுவிய தண்ணீர் எங்கள் செருப்புக்கடியில் ஓட.
"நான் சொன்னேன்னு காட்டிக்காதே."

ஆகவே வெள்ளை பத்துக் காசு.
சிவப்பு ஐம்பது. பச்சை இரண்டு வெள்ளி.
ஆளுக்கு இருபது வெள்ளை, பதினாறு சிவப்பு, ஐந்து பச்சை.
மொத்தம் இருபது வெள்ளிதான்,
ஆனால் நாற்பத்தொரு சில்லு.
உயரமான அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தால்
யாருக்கும் முகம் கொஞ்சம் மறையும்.
கறுப்பைப் பெட்டியிலேயே விட்டேன்.
நிறம் கூடினால் ஆட்டம் நின்றுபோய்
சில்லறை மாற்றுவதுதான் நடக்கும்.

"பத்துக் காசா!"
கியட் செங் வெள்ளையைப் பல்லில் கடித்துப் பார்த்தான்.
"இதுக்கு ஒரு மடக்குக் காப்பிகூட வராது லா."
ரத்த அழுத்தம், டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றேன்.
உப்பைத்தானே என்றாள் ரோசலின்.
குணாளன் தன் அடுக்கை
நகத்தால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் போட்டி ஆட்டம்.
ஆளுக்குப் பத்து வெள்ளி, அதோடு பணப்பையை மூடிவிட வேண்டும்.
சில்லு இப்போது காசில்லை, வெறும் புள்ளி.
வெள்ளை இருபத்தைந்து, சிவப்பு நூறு,
பச்சை ஐந்நூறு, கறுப்பு ஆயிரம்.
எட்டு, எட்டு, நான்கு, இரண்டு: ஐயாயிரம்.
ஐயாயிரம் என்று ஒருமுறை
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான் குணாளன்.

இருபது நிமிடத்துக்கொரு முறை பிளைண்ட் ஏறும்.
நூறு, இருநூறு என்றானதும்
நான்கு வெள்ளைக்கு ஒரு சிவப்பு மாற்றி
வெள்ளையை மேசையைவிட்டே எடுத்துவிட வேண்டும்.
விதி அது. ஒரு காசு நாணயத்தை நிறுத்தியபோது
யார் அழுதார்கள்?
மிஞ்சிய உதிரிக்கு ஆளுக்கொரு சீட்டு,
பெரிய சீட்டுக்குச் சிவப்பு.
குணாளனிடம் மிஞ்சியது ஒன்று.
வந்தது கிளாவர் மூன்று.
கையை நீட்டினேன்.
"கொடு, இனிமே இது தேவைப்படாது."

சொன்ன பிறகுதான்
என் காதிலேயே விழுந்தது.
பதினோராவது மாடி சன்னலுக்குக் கீழே
எல்ஆர்டி ஒன்று ஆளில்லாமல் திரும்பிப் போனது.
யாரோ சீட்டைக் கலைத்தார்கள்.
அவன் கை தட்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன்,
பார்த்ததாகத்தான் நினைத்தேன்.

எல்லோரும் போனபின் எண்ணினேன்.
வெள்ளை நூற்றுப் பத்தொன்பது.
சோபா இடுக்கு, குப்பைக் கூடை, செருப்பு அலமாரி.
மறுபடி நூற்றுப் பத்தொன்பது.
பெட்டியின் கடைசி வரிசையில்
ஒரு சில்லுக்கான இடைவெளி, மற்றவை சரிகின்றன.

தனியாக ஒன்று வாங்கலாம், எடை ஒத்துவராது.
கேட்கலாம். கேட்கமாட்டேன்.

இந்த வெள்ளி மறுபடி காசு ஆட்டம்.
எல்லோருக்கும் இருபது வெள்ளை எண்ணி வைத்துவிட்டேன்,
கடைசியாக எனக்கு.
"உனக்கு ஒண்ணு குறையுதே" என்கிறான் கியட் செங்.
தெரியும்,
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
சீட்டைப் போடு.