செருப்புக் காவல்

காலை ஏழரைக்கு எழும்பூர் ஸ்டேஷன் வாசல்.
பதினோரு பேர், ஒரு வேன், என் கழுத்தில் அட்டை.
"ஒரே நாளில் சைவம் வைணவம் பௌத்தம்"
என்று வேனின் முதுகில் எழுதியிருக்கும்.
மதியச் சாப்பாடு உட்பட.

கடைசி இருக்கையில் சுலோசனா வாஸ்னிக்,
நாக்பூர், தபால் இலாகாவில் ஓய்வு.
மடியில் எவர்சில்வர் டப்பா.

மயிலாப்பூர்.
மயிலாக வந்து பூசித்த அம்பாள்,
எலும்பிலிருந்து எழுந்த பெண்,
கடலோரம் இருந்த பழைய கோயில்.
ஒன்பது வருடமாக ஒரே மூச்சில் சொல்வதை
அன்றும் ஒரே மூச்சில் சொன்னேன்.
எல்லோரும் கழற்றினார்கள்.
அந்த அம்மா மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்து
"போய் வாருங்கள்,
செருப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் இந்தியில்.
முட்டி வலியாக்கும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தால் பதினெட்டு ஜோடி.
போகிறவர் வருகிறவரெல்லாம் விட்டுப்போயிருந்தார்கள்.
ஒரு பட்டுப்புடவை
அவர் கையில் அஞ்சு ரூபாய் வைத்ததாம்.
"டோக்கன்தான் இல்லை" என்று சிரித்து
காசை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திருவல்லிக்கேணியிலும் அதே காவல்.
மீசை வைத்த பெருமாளைப் பார்த்துவிட்டு
தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் நீட்டினேன்.
"வேண்டாம் பேட்டா.
எனக்கு இருபத்திரண்டு சத்தியம் இருக்கிறது.
அம்பத்தாறில், மைதானத்தில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து சொன்னது.
நாலு வயது. பாதி வாய்க்குள்ளேயே போய்விட்டது.
மீதியைப் படிக்கக் கற்றபின் சொல்லி முடித்தேன்."
நான் பதில் சொல்லத் தெரியாமல்
தொன்னையை டிரைவர் சகாயத்திடம் கொடுத்தேன்.
அவன் தின்றான். முந்திரி நிறைய என்றான்.

மூன்று மணிக்கு மியூசியம்.
கிருஷ்ணை நதிக்கரையிலிருந்து வந்த கற்கள்.
"அந்தக் காலத்துச் சிற்பிகள் அவருக்கு முகம் வைக்கவில்லை.
பாருங்கள், காலி ஆசனம்.
குதிரைக்குக் குடை பிடிக்கிறார்கள்,
குதிரைமேல் யாருமில்லை.
இதோ, இரண்டு பாதங்கள் மட்டும்."
இதைச் சொல்லி அடுத்த கல்லுக்கு நகர்வது வழக்கம்.
நகர்ந்தேன்.
பத்துப் பேர் வந்தார்கள்.

பின்னால் காவலாளி எத்திராஜின் குரல்:
"மேடம், செருப்பைப் போடுங்க. இது கோயில் இல்ல."

அவருக்குத் தமிழ் புரியவில்லை.
நான்தான் மொழிபெயர்க்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.
இரண்டு தரம் தொடங்கினேன்.
இரண்டு தரமும் வாக்கியம்
"இது" என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

வெறுங்கால். பித்தவெடிப்புக்குள் மயிலாப்பூர்ப் புழுதி.
கல்லில், உள்ளங்கால் நடுவே சக்கரம்,
விரல்களெல்லாம் ஒரே நீளம்.
இவருக்குச் சுண்டுவிரல்
பக்கத்து விரலின்மேல் ஏறியிருந்தது.
கும்பிடக்கூட இல்லை.
தந்தி கொண்டுவந்தவன் வாசலில் நிற்பதுபோல
நின்றார்.

"என்ன சொல்றாங்க?"
"ஒண்ணும் சொல்லலண்ணே. அஞ்சு நிமிஷம்."
"சூப்பர்வைசர் வந்தா நான்தான் மாட்டுவேன்"
என்று முணுமுணுத்தபடி எத்திராஜ்
அந்த ரப்பர் செருப்பைக்
காலால் தன் நாற்காலிக்கடியில் தள்ளினார்.
தள்ளியபின் என்ன தோன்றியதோ,
குனிந்து
கையால் ஜோடி சேர்த்து வைத்தார்.

புறப்படும்போது முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.
"ஐயோ மேடம், கவர்மெண்ட் வேலை" என்று
எத்திராஜ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.
நாங்கள் வெளியேறியபோது
அஞ்சு ரூபாய் நாற்காலியின்மேல் இருந்தது.
அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கென்னட் சந்து விகாரையை அடைய ஆறு மணி.
வாசலில் எல்லோரும் கழற்றினார்கள்.
இந்த முறை கல்லில் உட்கார யாருமில்லை,
சகாயம்தான் வேனிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தான்.

இரவில் கருத்துத் தாள்களை எண்ணினேன்.
சுலோசனா வாஸ்னிக் எதுவும் எழுதவில்லை.
மூன்றாவது இருக்கைக்காரர் எழுதியிருந்தார்:
"நல்ல கைடு. விவரமாகப் பேசுகிறார்.
மியூசியத்தில் ஓர் இடத்தில் மட்டும் விளக்கம் தரவில்லை.
நான்கு நட்சத்திரம்."