கேட்டு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
கூட்ஸுக்காக ஊரே நின்ற ஒரு சாயங்காலம்
அவனுக்கு அந்தப் பேரை வைத்தேன்.
தோளில் காலி சிலிண்டரோடு டீக்கடையில்
"ப... ப... ப..." என்று நின்றான்.
பன்னா பஜ்ஜியா தெரியாமல்
மாஸ்டர் கண்ணாடி டப்பாமேல் கைவைத்துக் காத்திருந்தார்.
"கேட்டு போட்டுட்டான் டோய்,
வண்டி போனாத்தான் வார்த்தை வரும்" என்றேன்.
மூக்கில் டீ ஏறச் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்.
பல வருஷம் அந்தச் சிரிப்பைத்தான்
சாட்சியாக வைத்திருந்தேன்.
அவனைக் கேட்டு வைத்த பேரில்லை.

நல்ல ஜோக்குதான், இன்றைக்கும் சொல்வேன்.
இரக்கம் வந்த பிறகும் அதன் கூர்
ஒரு நூல்கூட மழுங்கவில்லை.
அவனே அதை எடுத்து ஆண்டான்:
சொல் சிக்கினால் கையைக் குறுக்கே நீட்டுவான்,
கட்டை இறங்குவதுபோல.
கண்ணாலேயே ரயிலை அனுப்பிவைத்துவிட்டு
மிச்சத்தைச் சொல்வான். கைதட்டுவோம்.
புதுசாய் வந்த ஒருத்தன் "திக்குவாயா" என்றபோது
அவன் சட்டையைப் பிடித்தவனும் நான்தான்.
வித்தியாசம் அப்போது
எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி.
ஸ்டான்லிக்குக் கொண்டுபோகையில்
கேட்டு திறந்தேதான் கிடந்தது.
அதில் யாரும் ஜோக் தேட வேண்டாம்.

போஸ்டர் கடைப் பையன் "பேரு?" என்றான்.
நாலு பேரும் ஒரே வாயாக "கேட்டு" என்றோம்.
"ஒரிஜினல் பேரு?"
மூணு பேர் என்னைப் பார்த்தார்கள்.

ஆதார் வாங்க வீட்டுக்குப் போனேன்.
குணவதி பீரோவைத் துழாவிக்கொண்டே சொன்னாள்,
குத்தலாக இல்லை,
மளிகைக்கடைப் பாக்கியைச் சொல்வதுபோல:
"திக்குறதெல்லாம் வெளியிலதாண்ணா.
வூட்ல ஒரு தபா திக்குனதில்ல.
ராத்திரி பன்னெண்டு மணிக்கும் பேசினே கெடப்பாரு.
புள்ளைங்க தூங்கணும்னு
நாந்தான் வாயப் பொத்துவேன்."

தேசப்பன் என்று அடித்தோம்.
தூணில், தகரத்தில், மூடின ஷட்டரில் தேசப்பன்.
போட்டோவில் அந்தப் பையன்
அவனுக்குக் கோட்டு வேறு மாட்டிவிட்டிருந்தான்.
கேட்டருகே சைக்கிளில் கால் ஊன்றியிருந்த ஒருத்தர்
நின்று வாசித்தார். "யாருப்பா இது?
நம்ம ஏரியாவா? எங்கியோ பாத்த மாதிரி கீது."

கட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரே வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு.
ஓடிப்போய் மாலை வாங்கி வருவார்.
"நம்ம கே..." என்று ஆரம்பித்தேன்.

கரி வேகன்கள் வந்தன.
ஐம்பத்தெட்டு வரை எண்ணினேன்.
கடைசிப் பெட்டியும் போய்
சத்தம் அடங்கிய பிறகும்
எனக்கு அடுத்த எழுத்து வரவில்லை.
அவர் சிரிக்காமல் காத்திருந்தார்.