தலைக்கு ஒரு கிலோ

சனிக்கிழமை காலை எட்டாம் இலக்க ட்ராமில்
பாசல் நகரம் பாதி பட்டர் வாங்கப் போகும்.
எல்லை தாண்டினால் வைல்.
அங்கே எல்லாம் மலிவு.
திரும்பும்போது தலைக்கு ஒரு கிலோ,
அதற்கு மேல் வரி.
கிறீமும் பட்டர்க் கணக்கில்தான் சேரும் என்பதை
ஒரு சுங்க அதிகாரி
என் பையைத் திறந்து வைத்துக்கொண்டே
மிக மரியாதையாகச் சொல்லித் தந்தார்.

மிதுசாவுக்கு அப்போது எட்டு வயது.
ட்ராமில் அரை டிக்கெட்,
பட்டரில் முழு ஆள்.
சன்னலோரம் அவளை இருத்தி
மடியில் நாலு கட்டியை அடுக்குவோம்.
"குளிருது" என்பாள்.
"பிடி, அது உன்ர பங்கு" என்பார் குகபாலன்.

மூன்று தலை. பன்னிரண்டு கட்டி.
நிலவறையில், சைக்கிளுக்கும் சறுக்குப் பலகைக்கும் நடுவே
நாலு தட்டு ஃப்ரீசர் ஒன்று
இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும்.

பட்டர் நல்ல பிள்ளை:
வைத்தபடி கிடக்கும், எடுத்தபடி இளகும்.
பால் அப்படியல்ல, குளிரில் வீங்கும்.
கழுத்துவரை நான் நிரப்பிய போத்தல்
நடுச்சாமத்தில் வெடித்து
கீழ்த்தட்டு இறாலையெல்லாம் வெள்ளையடித்தது.
மூன்று விரல் இடம் விடவேண்டுமாம்.
பிறகுதான் தெரிந்தது.
கிறீம் பிரியும்; கிளறினால் கொஞ்சம் சமாதானமாகும்.
தேங்காய்ப்பால் ஐஸ் தட்டில்,
ஆறு குழி ஒரு சொதிக்கு.
கறிவேப்பிலை கறுக்கும், வாசம் போகாது.
முட்டையை ஓட்டோடு வைத்த கதையைக்
கேட்காதீர்கள்.

தமிழில் தயிரும் உறையும், தண்ணீரும் உறையும்.
சொல் ஒன்றுதான்.
ஆனால் ஒருமுறை உறைந்த தயிருக்கு
இரண்டாம் உறைவு ஆகாது.
மணல்மணலாய்த் திரிந்து நிற்கும்.
அதை மோர்க்குழம்பில் போட்டு
வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டிகளில் பெயர் எழுதுவது மிதுசாவின் வேலை.
தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியைவிட
ஃப்ரீசரில்தான் அவள் அதிகம் தமிழ் எழுதினாள்.
இரால். தேங்காய்ப்பாள். கருவேப்பிளை.
நான் திருத்தப் போனால்
பனி பிடித்த தாளில் பேனை எழுதாது.
அப்படியே விட்டேன்.
இப்போது எனக்கே சரியானது எதுவென்று
ஒரு கணம் தடுமாறும்.

செப்டம்பரில் அவள் படிக்கவென்று லோசான் போனாள்.
அடுத்த சனி, வைலில்,
பழக்கத்தில் பன்னிரண்டு கட்டி எடுத்தவர்
காசு கட்டும் வரிசையில் நின்று எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
திரும்பிப் போய் நாலு கட்டியை
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.
ட்ராமில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
அன்றைக்குப் பார்த்துச் சுங்கத்திலும் ஒருவரும் ஏறவில்லை.

ஃப்ரீசர் வெறுமையாய்க் கிடந்தால்
மின்சாரம் கூடப் பிடிக்கும் என்று
எங்கோ வாசித்துவிட்டு
போத்தல்களில் தண்ணீர் நிரப்பச் சொன்னார்.
நிரப்பினேன். மூன்று விரல் விட்டு.
அவற்றை அடுக்க அடித்தட்டை இழுத்தபோது
ஆகப் பின்னால் ஒரு பெட்டி.
அவளுடைய எழுத்து:
மீன் தலை.
ஒரு பிழையும் இல்லை.

எங்கள் வீட்டில் மீன் தலை வாங்குவதில்லை.
அவருக்கு அதன் கண்ணைப் பார்க்க முடியாது.

திறந்தேன்.
பிஸ்தா ஐஸ்கிறீம்.
ஒரு பக்கமாய்ச் சுரங்கம் தோண்டியிருந்தாள்,
மேலே தட்டையாய், பார்த்தால் முழுசு.
சுரங்கத்தின் முடிவில்
என் ஆறு கரண்டியில் காணாமற்போன ஒன்று
பனி மூடிச் செருகியிருந்தது.

நிலவறை விளக்கு இரண்டு நிமிடத்தில் தானே அணையும்.
அணைந்தது.
நான் எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தவில்லை.
ஃப்ரீசர் கதவு திறந்திருக்கு, திறந்திருக்கு என்று
கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.
ஓரமெல்லாம் ஐஸ் துருவல், ருசி பாதி போய்விட்டது,
என்றாலும் பிஸ்தாதான்.

மேலே வந்து செய்தி அனுப்பினேன்:
"மீன் தலை கண்டெடுத்தன்."
எழுதுகிறாள் என்று காட்டியது திரை.
நின்றது. மறுபடி எழுதினாள்.
கடைசியில் ஒரே ஒரு சொல் வந்தது:
"கரண்டி?"