மூன்று ராஜா

பர்லியாறில் மண் சரிந்து
பாதை அடைத்த ராத்திரி.
குன்னூர் பேக்கரி மாடியில்
மூணு சீட்டு.

நான் எல்.ஐ.சி.
சாவுக்கே சதவீதம் சொல்கிறவன்.
ஐம்பத்திரண்டு சீட்டு எனக்கென்ன பெரிசா
என்று உட்கார்ந்தேன்.

லாரிக்காரன் கமாலுதீன்
பிளைண்டில் போனால் கை நடுங்காது;
மூடுபனியில் பதினாலு கொண்டை ஊசி ஏறும் ஆள்.
சீட்டைப் பார்த்துவிட்டால்தான்
தடுமாறுவான்.

ஆலன், தேயிலை ருசி பார்ப்பவர்.
ஏலத்துக்கு முந்நாள்
முந்நூறு கோப்பை உறிஞ்சி
முந்நூறையும் துப்புகிறவர்.

பத்தரைக்கு எனக்கு மூன்று ராஜா.
தொகையை ஏற்றினேன், பையப் பைய,
பிரீமியம் மாதிரி.
கமாலுதீன் கூடவே வந்தான், பார்க்காமல்.
ஆலன் ஒருதரம் பார்த்துக்
கவிழ்த்துவிட்டார்.

கலைக்கும்போது கண்ணில் பட்டது:
ஒரே ஜாதியில் எட்டு, ஒன்பது, பத்து.
"இதையா போட்டீங்க?"

"நீங்க மூச்சை எண்ணி விட்டீங்க சார்.
அப்புறம், நல்லதையும் துப்பணும்.
ஒண்ணை முழுங்கினா
அடுத்ததுக்கு நாக்கு இருக்காது."

நான் ஜெயித்த நூற்றெண்பதும்
விடிந்து வழி திறந்தபோது
அவர் சட்டைப்பையில்.
பஸ்ஸில் எனக்கும் சேர்த்து
அவரே டிக்கெட் எடுத்தார்.