பதினைந்தில் ஐந்து போக

சட்டைப் பிரிவுக்கும் செருப்புப் பிரிவுக்கும் நடுத்தூணில்
ஒட்டியிருந்தது சுற்றறிக்கை:
தேநீர் இடைவேளை இனிப் பத்தே நிமிடம்.
கீழே மேலாளர் கார்டோசோ, பச்சை மையில்.

ரூவியில் எங்கள் கடை நான்கு மாடி.
தேநீர் இருப்பதோ நிலத்தடியில்,
தண்ணீர்த் தொட்டிக்கும் உடைந்த பொம்மைகளுக்கும் பக்கத்தில்.
நகரும் படிக்கட்டு வாடிக்கையாளருக்கு.
எங்களுக்குச் சரக்கு லிப்ட்.
இறங்க மூன்று, ஏற மூன்று, வரிசையில் இரண்டு.
கணக்குப் பிரிவு சிவகடாட்சம் விரல் மடக்கினார்:
"மிச்ச ரெண்டு நிமிசத்தில சுடச்சுடக் குடிக்கிறவன்ர
தொண்டை தகரமா இருக்கவேணும்."

சென்ட் கவுன்டர் ஜெசிந்தா சொன்னாள்,
மீற வேண்டாம், மதித்தே காட்டுவோம்.
பத்தாம் நிமிடம்
குடிக்காத தேநீரோடு மேலேறினோம்.
நாற்பத்தொரு காகிதக் கோப்பைகள்
கார்டோசோ மேசையில், ஏடு படிந்து.
அவர் நிமிரவில்லை.
ஒன்றை மட்டும் நகர்த்தினார்,
ஸ்டேப்ளர் எடுக்க.

மறுநாள் ஸ்டாப்வாட்சோடு வந்தார்.
நானே போய் வருகிறேன், பார்ப்போம்.
சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்.
கோட்டுப் பிரிவில், ஆகஸ்டில், யார் வரப்போகிறார்கள்?

இறங்கினோம். குடித்தார்.
நாக்கு வெந்ததை மறைத்தார்.
ஏறும்போது
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது லிப்ட்.

இருட்டு.
நாங்கள் இருவர், தலையில்லாத பொம்மைகள் நான்கு.
கடிகாரம் மட்டும் அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது.
ஏழாம் நிமிடம் டையைத் தளர்த்தினார்.
பன்னிரண்டில்,
மட்காவ் வீட்டில் குடியிருப்பவன் காலி செய்ய மறுக்கிறான் என்றார்.
பதினாறில் பையிலிருந்து ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்,
தடவித் தடவிப் பாதியாக உடைத்தார்.
என் பாதி கொஞ்சம் பெரிது.
நான் சொல்லவில்லை.
"அர்பாப் இப்போ கடைக்கு வந்தா?"
கேட்டது என்னையல்ல, ஒரு பொம்மையை.

இருபத்திரண்டில் முபாரக் கதவை நெம்பினான்.
வெளியே எல்லோரும்
சிரிப்பைச் செருப்புப் பெட்டியில் வைத்து மூடியதுபோல்
நின்றார்கள்.

மாலையே அடுத்த சுற்றறிக்கை:
லிப்டில் நின்ற நேரமும் இடைவேளையாகவே கொள்ளப்படும்.
சம்பளத் தாளில் முதல் பிடித்தம்
கார்டோசோ, எண்ணூற்று எண்பது பைசா.
"சட்டம் எண்டாச் சட்டம்தானே, சேர்."
சிவகடாட்சம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
எனக்கு இருநூற்றுப் பத்து.
பிஸ்கட்டைக் கணக்கில் காட்டவில்லை.

பத்து பத்தாகத்தான் இருக்கிறது.
ஆனால் நாங்கள் இறங்குவதற்குள்
நாற்பத்தொரு கோப்பைகளும் ஊற்றி வைத்திருக்கின்றன,
ஒரே மூச்சில் குடிக்கும் சூட்டில்.
யார் சொல்லி என்று
தேநீர்ப் பையனும் சொல்வதில்லை.