முப்பத்தெட்டு ஜிபி

செவ்வாய். காலை ஏழேகால்.
முதல் படகுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
இடமில்லை என்கிறது கணினி.
எதற்கு இடமில்லை என்று தட்டினால்
அதையே திருப்பிச் சொல்கிறது,
நிறைந்த படகின் கயிற்றைப் பிடித்தபடி
முகம் பார்க்காமல் கையசைக்கும் ஆர்த்தேமியோ போல.

புவெர்ட்டோ லூச்சேயில் மழை விட்டது என்று
எழுத ஆசைதான்.
விடவில்லை.

காஸ்த்ரோவிலிருந்து இவானியா தொலைபேசியில் சொன்னாள்:
'சின்ன நிரலி ஒன்று அனுப்பியிருக்கிறேன், நோல்ஃபா.
ஓடவிடு. எது தின்கிறது என்று காட்டும்.
காட்டுவது மட்டும்தான் அதன் வேலை,
அழிப்பது உன் பாவம்.'

ஓடவிட்டேன்.
மனை வரைபடம் போலத் திரை
கட்டம் கட்டமாகப் பிரிந்தது.
நீலம், படகுத்துறைக் கேமரா.
மஞ்சள், என் தங்கை கல்யாணப் படங்கள்,
அதன் நகல்,
நகலின் நகல்.
பச்சை, கால்பந்து ஆட்டங்கள்.
ஒன்றுகூட இறக்கவில்லை என்று
தாயின் மேல் சத்தியம் செய்தவன் ஆர்த்தேமியோ.

நடுவில்,
எல்லாரையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு,
ஒரு சாம்பல் நிறம்.
முப்பத்தெட்டு ஜிபி.
படமில்லை, ஒலியில்லை.
எழுத்து, வெறும் எழுத்து.

திறந்தேன்.
அச்சுப்பொறியைக் காணோம்.
அச்சுப்பொறியைக் காணோம்.
அச்சுப்பொறியைக் காணோம்.
நொடிக்கு ஒரு வரி. ஆறு வருடம்.
நான் தூங்கிய இரவுகளிலும்,
மின்சாரம் போய் வந்த மறுநொடியிலும்.

அந்த அச்சுப்பொறியைப் புயலன்று
மேட்டுக்கு மாற்றும்போது
சரிவில் வழுக்கிக் கடலில் விட்டோம்.
இந்நேரம் காகிதத் தட்டில்
நண்டு குடித்தனம் நடத்தும்.
புதியது வாங்கினோம், அதற்கு வேறு பெயர்.
பழையது போய்விட்டதென்று
கணினியிடம் யாரும் சொல்லவில்லை.

அழிக்கும் முன்
தலைப்பக்கம் போய்ப் பார்த்தேன்.
தேடல் தொடங்கும் முன் ஒரே ஒரு வரி:
அச்சிடப்பட்டது. பயணி பெலார்மினோ கார்கமோ. ஆடு இரண்டு. போக, வர.

வர.

ஆறு வருடமாகச் செவ்வாய்தோறும்
இந்த ஜன்னலில் நின்று அந்த மனிதர் சொல்கிறார்:
'வரவுக்கும் காசு கொடுத்தேன்.'
அவர் சீட்டு அன்றைய மழையில் கூழாகிப் போனது.
நான் சொன்னேன், சீட்டு இருந்தால் காட்டுங்கள்.
இரண்டாம் முறையும் காசு வாங்கினேன்.
சில்லறையை எண்ணிச் சரிபார்த்தும் வைத்தேன்.
பிறகு ஊர் அவருக்குப் பெயர் வைத்தது:
போகவர.
பள்ளிப் பிள்ளைகள் படகிலிருந்து கத்துவார்கள்.
ஒருமுறை நானும் சிரித்திருக்கிறேன்.

வரியைக் கையால் தாளில் எழுதிக்கொண்டேன்.
நிரந்தரமாக அழியும், உறுதியா?
உறுதி.

சாம்பல் போனது.
காலியிடம் கண்ணில் படும் என்று நினைத்தேன்,
மற்ற நிறங்கள் வீங்கி மனையை நிரப்பிக்கொண்டன.
தங்கையின் கல்யாணம்
திரையில் பாதி.
மறுபடி அளக்கச் சொன்னால்
மூலையில் சாம்பலாக ஒரு புள்ளி.
திறந்தேன்.
அச்சுப்பொறியைக் காணோம்.
அதற்குள் பதினொரு வரி.
நிறுத்த இவானியாவுக்கு வழி தெரியும்.
படகு போகட்டும்.

ஜன்னலில் நனைந்த தொப்பி.
தாளை நீட்டினேன். காசையும்.
வாசிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.
மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன்,
படகின் ஊதல் அதை விழுங்கியது.

தாளை மடித்துவிட்டுக் கேட்டார்:
'ஆட்டுக்கும் சேர்த்துத்தானே, வர?'

'விற்கக் கொண்டுபோன ஆடு
திரும்பி எதற்கு வரும், தோன் பெலார்மினோ?'

'விலை படியவில்லை.'

வரியை மறுபடி படித்தேன்.
இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம்.
மேலே கீழே பார்த்துச் சொல்லக்
கோப்பு இல்லை.

கல்லாவைத் திறந்து
ஆட்டுக்கும் எண்ணத் தொடங்கினேன்.