நீலம் பார்த்தல்

மூன்று கிழமையாய் ஒழுகியது.
எல்லோரும் அடங்கிய பிறகுதான் கேட்கும்,
சிஸ்ரேனிலிருந்து கோப்பைக்குள்
யாரோ கஞ்சி வடிக்கிற மாதிரி.
விடிய எழும்பினால் மேல்தாங்கி காலி.
கோப்பையின் பின்பக்கம்
கொக்குவில் கிணற்றுச் சுண்ணாம்பு
மஞ்சள் கோடாய் இறங்கியிருந்தது,
ஒரு விரல் அகலம்.

சூசைநாயகம் "இந்தா வாறன்" என்றான்.
ஏழு முறை என்றான்.
எட்டாம் முறை நான் அழைக்கவில்லை.

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரன்
சீலைத் தேடி எடுத்து
தராமல் கையிலேயே வைத்திருந்தான்.
"ஆர் பூட்டுறது?"
"நான்."
"வீட்டில ஆம்பிளையள்..."
"சீல் எவ்வளவு?"
முந்நூற்றைம்பது.
எதற்கும் இரண்டாய் எடுக்கச் சொன்னான்.
ஒன்றுதான் வாங்கினேன்.

சனிக்கிழமை, காலை ஒன்பது.
கீழ்வீட்டில் ரியூசன், நாற்பது பெடியள்.
ஒரு மணித்தியாலம் தண்ணி வராது என்று
சொல்லப் போனேன்.
பௌதிக மாஸ்ரர் குலசிங்கம்
"அமுக்கம் ஆழத்துக்கு நேர்விகிதசமன்" என்றபடியே
எனக்குத் தலையாட்டினார்.

மூலை வால்வு அசையவில்லை,
அதன் கழுத்திலும் சுண்ணாம்பு.
மொட்டைமாடிக்கு ஏறி மெயினைப் பூட்டினேன்.
மூடியைத் தூக்கினேன்.
குழந்தை போலவும் இல்லை, பிணம் போலவும் இல்லை,
சிஸ்ரேன் மூடி போலத்தான் கனத்தது.
யோகட் கப்பால் அள்ளி
மிச்சத்தைப் பழைய துவாயால் ஒற்றினேன்.
பித்தளை நட்டு பச்சை பிடித்திருந்தது.
இடம் வலம் குழம்பி
முதலில் இன்னும் இறுக்கிவிட்டேன்.

கழற்றினால்
அடியில் இருந்தது சீல் இல்லை.
சைக்கிள் ரியூப்.
வட்டம் என்று நினைத்துக்கொண்டு
கத்தரிக்கோலால் யாரோ வெட்டியது.
ஓரத்தில் பஞ்சர் ஒட்டின தடம்.
தொட்ட விரலெல்லாம் கறுப்பு.

படம் எடுத்து ஸ்காபரோவுக்கு அனுப்பினேன்.
வீட்டுக்காரர் பத்மசீலன்,
"முழுசா மாத்துங்கோ, ஆனா ரைல்ஸ் உடையக்கூடாது" என்று
போன மாதம் எழுதியவர்.
அங்கே நடுச்சாமம்.
எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது.
திரும்பவும் எழுதினார்.

"அது என்ர ரலியின்ர பின் ரியூப்."

"பதினேழு ஒட்டு. இனி ஓடாது எண்டுதான் வெட்டினது.
அப்ப கடையில ஒண்டும் இல்லை."

"எறிஞ்சு போடாதேங்கோ."

பிறகு, பாதித் தேசிக்காயால்
வால்வு குந்துகிற விளிம்பை
நான் உரஞ்சிக்கொண்டிருக்கையில்:

"இல்லை, எறியுங்கோ. என்னத்துக்கு."

புதுச் சீலை இருத்தி
கையால் இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று.
மெயினைத் திறந்தேன்.
வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலம்
சிஸ்ரேனுக்குள் நாலு துளி.
வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தியிருந்தேன்.

ஐந்து நிமிசம்.
கோப்பைக்குள் நீல நூல் ஒன்று,
மெல்லிசாய், வெட்கமே இல்லாமல்.

வாயில் வந்ததை இங்கே எழுதவில்லை.
கீழே வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

மறுபடி மாடி, மறுபடி மூடி, மறுபடி நட்டு.
சீலுக்கடியில் ஒரு சுண்ணாம்புப் பொருக்கு.
கடுகளவு. தேசிக்காய்க்கும் தப்பினது.
நகத்தால் எடுத்தேன்.
படியடியில் ஒரு பெடியன் கத்தினான்,
"அக்கா, வந்த தண்ணி திரும்பவும் போட்டுது!"
"சோப்போட நிக்கிறியோ?"
"நானில்லை, கீர்த்திகன்!"

இரண்டாம் நீலம்.
இருபது நிமிசம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இவ்வளவு நேரம்
ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை.
மஞ்சள் கோடு அப்படியே, அதில் ஈரமில்லை.
பிடியை அமுக்க
நீலமெல்லாம் ஒரே இழுவையில் போனது.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
ஏனென்று தெரியச் சற்று நேரம் எடுத்தது:
சத்தமில்லை.

ரியூப் இப்பவும் குளியலறை ஆணியில் தொங்குது.
எறியாதே என்றதும் அவர்தான்,
எறி என்றதும் அவர்தான்.
இரண்டில் எது பிந்தியது என்று
எனக்கு வடிவாய்த் தெரியும்.